வானம் காட்டும் ஏரியும் கரை காட்டும் ஏரியும்

இன்றைய சொற்பொழிவின் பொருள், செயற்கைக்கோள்கள் அனுப்பும் தொலையுணர்வுத் தரவுகளைக் கொண்டு சுற்றுச்சூழலைக் கண்காணிக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பதாகும். காடு, கடல், காற்று, பனிமலை, பயிர், நகரம் என எத்திசையிலும் விரிந்து செல்லக்கூடிய பொருள் இது. விரித்துக்கொண்டே போனால் கேட்பவர் மனத்தில் ஒன்றும் தங்காது என்பதால், ஓர் ஏரியை நடுவில் நிறுத்தி, அதன் கரையிலிருந்தே மற்ற எல்லாவற்றையும் பார்ப்பது என்று இந்த உரை தனக்கு எல்லை வகுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் குளங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்றை வானத்திலிருந்து பிழையின்றிப் படிக்கக் கற்றவருக்கு, அமேசான் காட்டையும் அண்டார்க்டிகாவின் வானத்தையும் படிக்கும் வாசல் தானே திறந்துகொள்ளும்.

தொலையுணர்வு என்பது என்ன? ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியையோ வெப்பத்தையோ அலையையோ அளந்து, அந்தப் பொருளின் தன்மையை அறிவதே தொலையுணர்வு. சூரிய ஒளி நிலத்தின்மீது விழும்போது மண் அதில் ஒரு பங்கை விழுங்கி மீதியைத் திருப்பி அனுப்புகிறது; இலை வேறொரு விகிதத்தில் திருப்பி அனுப்புகிறது; நீரோ வந்த ஒளியில் பெரும்பகுதியைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. 700 கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் புவியைச் சுற்றிவரும் செயற்கைக்கோளின் கருவி, திரும்பி வரும் அந்த ஒளியை நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு எனப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு ஒளி வந்தது என்பதை எண்ணாக எழுதிக்கொள்கிறது. பட்டை என்பது ஒளியின் அலைநீளத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதி. அகச்சிவப்பு என்பது சிவப்புக்கு அப்பால் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத பகுதி. ஆகவே கணினித் திரையில் தெரிவது படம்போல் தோன்றினாலும், அதன் அடியில் கிடப்பது வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட எண்களே ஆகும். படத்தைப் பார்த்து வியப்பவர் எண்ணிறந்தோர். அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவரே தொலையுணர்வு கற்றவர்.

இந்தியாவில் இந்தக் கலை எங்கே தொடங்கியது? ஒரு தென்னந்தோப்பில் தொடங்கியது. 1970-ஆம் ஆண்டு வாக்கில், இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப் போற்றப்படும் பிஷரோத் ராம பிஷரோட்டி, கேரளத்தின் தென்னைகளைத் தாக்கிவந்த வேர் வாடல் நோயை ஆராய, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் தோப்புகளைப் படமெடுக்கும் சோதனையை முன்னின்று நடத்தினார். நோய்க்கும் அகச்சிவப்புக்கும் என்ன உறவு? பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சி உணவு சமைக்கிறது. ஆனால் இலையின் உள்ளே பஞ்சுபோல் அமைந்திருக்கும் திசுக்கள் அண்மை அகச்சிவப்பைச் சிதறடித்துப் பெருமளவில் வெளியே தள்ளிவிடுகின்றன. இலை நலிவுறும்போது அந்த உள்ளமைப்பு குலைவதால், திரும்பி வரும் அகச்சிவப்பின் அளவும் மாறுகிறது. கீழே நிற்பவர் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு மரங்கள், அகச்சிவப்பில் இரு வேறு மரங்களாகத் தெரிவது இதனால்தான். அந்தத் தோப்பில் ஊன்றிய விதை 1979-இல் பாஸ்கரா-1 என்னும் செயற்கைக்கோளாகவும், 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஆகவும் வளர்ந்து, பின்னர் ரிசோர்ஸ்சாட் வரிசையாகக் கிளைத்தது.

தென்னை இலை கற்றுத் தந்த இந்தப் பாடத்தையே கணக்காக வடித்தால் தாவரக் குறியெண் கிடைக்கிறது. ஆங்கில எழுத்துகளால் என்.டி.வி.ஐ. என்று வழங்கப்படும் இந்தக் குறியெண்ணைக் கணிக்கக் கழித்தலும் கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். அண்மை அகச்சிவப்பின் அளவிலிருந்து சிவப்பின் அளவைக் கழித்து, அந்த விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். செழித்த வயலொன்று அகச்சிவப்பில் 0.40 பங்கையும் சிவப்பில் 0.05 பங்கையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 0.35-ஐ 0.45-ஆல் வகுக்க 0.78 வருகிறது. வெறும் மண் 0.25 பங்கும் 0.20 பங்கும் அனுப்பினால் குறியெண் 0.11 என்று சரிகிறது. நீர் 0.02 பங்கும் 0.04 பங்கும் அனுப்பினால் குறியெண் சுழியத்துக்குக் கீழே, மைனஸ் 0.33-க்கு இறங்கிவிடுகிறது. இதே முறையில் பச்சைப் பட்டையையும் அண்மை அகச்சிவப்பையும் இணைத்து நீரை மட்டும் எடுத்துக்காட்டும் நீர்க் குறியெண்ணை மெக்ஃபீட்டர்ஸ் என்னும் ஆய்வாளர் 1996-இல் வகுத்தளித்தார். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய இந்தக் கணக்கு, கோடிக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் போடப்படுவதால்தான் அதற்கு இத்தனை வலிமை வந்துசேர்கிறது.

அந்த இடங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியவை? தொலையுணர்வு கற்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே. படத்தின் மிகச்சிறு கட்டத்தைப் பிக்சல் அல்லது படப்புள்ளி என்பர். ஒரு படப்புள்ளி தரையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதே அந்தப் படத்தின் பிரிதிறன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளின் நுண்ணிய பட்டைகளில் ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது ஏறத்தாழ 40 புள்ளிகள் சேர்ந்தால் ஓர் ஏக்கர். அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் அது 30 மீட்டர். அங்கே நான்கரைப் புள்ளிகளில் ஓர் ஏக்கர் முடிந்துவிடும். உலகை நாள்தோறும் சுற்றிப் பார்க்கும் மோடிஸ் கருவியின் நுண்ணிய பட்டையிலும் ஒரு புள்ளி 250 மீட்டர். அதன் ஒற்றைப் புள்ளிக்குள் 15 ஏக்கர் அடங்கிப்போகும். இரண்டு ஏக்கர் ஊருணியை மோடிஸில் தேடுபவர், ஊருணி வற்றிவிட்டது என்று முடிவு கட்டினால் பிழை யாருடையது? நாள்தோறும் பார்ப்பது நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. நுணுக்கமாகப் பார்ப்பது நாள்தோறும் வருவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே தன் கேள்விக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கத் தெரிவதே இந்தக் கல்வியின் முதற்படி.

இரண்டாவது படி, காலத்தின் வழியே பார்ப்பது. 1972 ஜூலை 23 அன்று விண்ணேறிய முதல் லேண்ட்சாட், வர்ஜீனியா நார்வுட் என்னும் பெண் பொறியாளர் வடிவமைத்த பல்பட்டை வருடியைச் சுமந்து சென்றது. முன்னும் பின்னும் ஆடும் ஒரு கண்ணாடியைக் கொண்டு நிலத்தைக் கோடு கோடாக வருடும் அந்தக் கருவி, அப்போது துணைக்கருவியாகவே கருதப்பட்டது. முதன்மைக் கருவியாக ஏற்றப்பட்ட தொலைக்காட்சிவகைக் கேமராக்கள் விரைவிலேயே பழுதுபட, துணையாக வந்ததே தலைமை ஏற்றது. 1984-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-5, மூன்றாண்டுக் காலத்துக்கென வகுக்கப்பட்டு, 28 ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தது. இன்று லேண்ட்சாட்-8, லேண்ட்சாட்-9 ஆகிய இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கொரு முறை ஒரே இடத்தைப் பார்க்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேலாக அறுபடாமல் நீளும் இந்த வரிசைதான், ஓர் ஏரி இன்று எப்படி இருக்கிறது என்பதோடு, அது முன்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வல்லது.

ஆனால் இந்தப் புதையல் எல்லோர் கைக்கும் எட்டியதா? நெடுங்காலம் எட்டவில்லை. ஒரே ஒரு லேண்ட்சாட் படத்துக்கு 4,000 டாலருக்கு மேல் விலை வைத்த காலமும் இருந்தது. 2008-இல் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை தன் சேமிப்பு முழுவதையும் விலையின்றித் திறந்துவிட்டது. அதன் பின்னர் ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டமும் சென்டினல் தரவுகளை அனைவருக்கும் இலவசமாக வழங்கிவருகிறது. இந்தியத் தரவுகளுக்கு ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் புவன் தளம் இருக்கிறது. தரவைத் திறந்து பார்க்கக் கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமின்றி இணையவழிப் பயிற்சிகளை நடத்துகிறது. அன்று பெரிய ஆய்வகங்களுக்கு மட்டும் கிட்டிய வாய்ப்பு, இன்று ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் உள்ள கல்லூரி மாணவிக்கும் கிட்டுகிறது. தடையாக இருந்த விலை நீங்கிவிட்டது. எஞ்சி நிற்பது படிக்கத் தெரியாமை ஒன்றே.

படிக்கத் தெரியாமை என்ன செய்யும்? சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியை எடுத்துக்கொள்ளலாம். 2018 ஜூனிலும் 2019 ஜூனிலும் எடுக்கப்பட்ட அதன் படங்கள் அருகருகே வைக்கப்பட்டு உலகெங்கும் பரவின. முதற்படத்தில் நீர் இருந்தது, இரண்டாவதில் ஏரியின் படுகை தெரிந்தது. அந்த ஒப்பீடு நேர்மையானது. ஏனெனில் ஜூன் ஜூனோடு ஒப்பிடப்பட்டது. அதையே ஒருவர் 2018 ஜனவரியோடு 2018 ஜூனை ஒப்பிட்டிருந்தால், ஏரி அழிகிறது என்று கூக்குரலிட்டிருக்கலாம். உண்மையில் அவர் கண்டது, வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வடியும் தமிழ்நாட்டு ஏரிகளின் ஆண்டுதோறுமான மூச்சைத்தான். மாதத்தை மாதத்தோடு ஒப்பிட வேண்டும். ஓராண்டைப் பல ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டையும் பொய்த்த ஆண்டையும் ஒன்றாக வைத்து நோக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. நான்கே ஆண்டுகளில் அதே நகரம் தண்ணீர் லாரிகளுக்குக் காத்து நின்றது. இரண்டு படங்கள் ஒரு கதையைக் காட்டும். இருநூறு படங்களே அந்த ஏரியின் வரலாற்றைக் காட்டும்.

வரலாற்றை இப்படி முழுமையாகப் படித்த ஆய்வொன்று உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்தோர், 1984 முதல் 2015 வரையிலான ஏறத்தாழ 30 லட்சம் லேண்ட்சாட் படங்களைக் கணினிகளுக்குக் கொடுத்து, உலகின் மேற்பரப்பு நீர் முழுவதையும் மாத வாரியாக வரைந்து 2016-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிலைநீர்ப் பரப்பு மறைந்துபோனதையும், புதிய அணைகளாலும் பிற காரணங்களாலும் 1,84,000 சதுர கிலோமீட்டர் புதிதாகத் தோன்றியதையும் அந்த ஆய்வு கண்டறிந்தது. கூட்டிக் கழித்தால் உலகில் நீர் பெருகிவிட்டதாகத் தோன்றும். அது ஆறுதலா? மறைந்ததில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டது மேற்கு ஆசியாவிலும் நடு ஆசியாவிலும் என்று அறியும்போது ஆறுதல் கரைந்துவிடுகிறது. ஆமு தாரியா, சிர் தாரியா ஆகிய ஆறுகளின் நீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதால் சுருங்கிய ஆரல் கடலின் கரையில் வாழ்பவருக்கு, வேறொரு கண்டத்தில் நிறைந்த அணையால் பயன் ஒன்றும் இல்லை.

இனி, இந்தக் கல்வியின் கடினமான பகுதிக்கு வருவது தகும். எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் எண்களுக்குத் தவறான பெயர் சூட்டப்படுவதுண்டு. ஓர் ஏரி முழுவதையும் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது என்று கொள்ளலாம். நீர்க் குறியெண் அங்கே நீரே இல்லை என்கிறது; தாவரக் குறியெண் வளமான பயிர் விளைகிறது என்கிறது. சாக்கடை கலந்து நோயுற்ற ஏரி, குறியெண்ணில் செழித்த வயலாகக் காட்சி தருகிறது. உண்மை எது? கரைக்குப் போனால் தெரியும். கோடையில் ஒரு கண்மாய் பச்சையாகத் தெரிகிறது. சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது இது மட்டும் பச்சையாக இருப்பது நல்ல செய்தி என்று மகிழலாமா? அது கண்மாயின் உள்வாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமாக இருக்கக்கூடும். கரைக்குப் போனால் தெரியும். நடவுக் காலத்தில் டெல்டாவின் வயல்கள் நீர்ப்பரப்பாகத் தெரிகின்றன. தூத்துக்குடியின் உப்பளங்கள் ஏரிகளாகத் தெரிகின்றன. மேகத்தின் நிழல் விழுந்த மேட்டு நிலமும் கருத்த நீராகத் தெரிகிறது. இவை ஒவ்வொன்றையும் பிரித்தறியக் கணக்கு ஓரளவுக்கே உதவும். அதற்கு மேல், கரைக்குப் போனால்தான் தெரியும்.

மேகத்தைப் பற்றிச் சொல்லும்போது தமிழ்நாட்டுக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் நினைவுக்கு வருகிறது. ஏரிகள் நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழையில். ஒளியை நம்பும் செயற்கைக்கோள்களின் பார்வை மேகத்தால் மறைபடுவதும் அதே மாதங்களில். பார்க்க வேண்டிய பொழுதில்தான் திரை விழுகிறது. அந்தத் திரையை ஊடுருவுவது ரேடார். சூரிய ஒளிக்குக் காத்திராமல் தானே நுண்ணலைகளை அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கும் கருவி அது. 2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவினது. மேகத்தின் நுண்துளிகள் அதற்குத் தடையாவதில்லை. இரவும் பகலும் அதற்கு ஒன்றே. அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் ரேடார் படத்தில் ஏரி கருமையாகத் தெரியும். கரடுமுரடான நிலம் அலையைச் சிதறடிப்பதால் வெளிறித் தெரியும். 2015 வெள்ளத்தின்போது மேகம் கலையாத நாட்களில் நீர் சூழ்ந்த பரப்பை வரைய உதவியவை ரேடார் தரவுகளே. இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, இரு வேறு அலைநீளங்களில் இயங்கும் ரேடார்களை விண்ணில் நிறுத்தியிருக்கிறது.

அப்படியானால் ரேடார் பிழையே செய்யாதா? செய்யும். காற்றடித்து அலை எழுந்தால் ஏரி நிலம்போல் வெளிறித் தெரியும். வெள்ளம் புகுந்த தெருவில், நீரில் பட்ட அலை சுவரில் மோதித் திரும்பி வருவதால், நீர் நிற்கும் இடமே பளிச்சென்று ஒளிரும். மழையில்லாத நாளில் ஈரமற்ற தார்ச்சாலையும் விமானத் தளமும் வழவழப்பின் காரணமாக நீர்போல் கருத்துத் தெரியும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அந்தக் குருட்டுப் புள்ளி எது என்று அறிந்தவர் கையில்தான் கருவி கண்ணாகிறது.

கருவியின் குருட்டுப் புள்ளியைவிடப் பெரியது, அதைப் பயன்படுத்துவோரின் எதிர்பார்ப்பு. இதற்கு ஓசோன் படலத்தின் கதையைவிடச் சிறந்த சான்று இல்லை. 1978 முதல் நிம்பஸ்-7 என்னும் செயற்கைக்கோள் வானிலிருந்து ஓசோனை அளந்து வந்தது. அண்டார்க்டிகாவின் மேல் மிகக் குறைந்த அளவுகள் பதிவாகத் தொடங்கியபோது, இயற்கையில் இவ்வளவு குறைய வாய்ப்பில்லை என்ற முற்கணிப்பில் எழுதப்பட்டிருந்த கணினி நிரல், 180 டாப்சன் அலகுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளை ஐயத்துக்குரியவை என்று குறித்து ஒதுக்கியது. டாப்சன் அலகு என்பது தலைக்குமேல் உள்ள ஓசோனின் மொத்த அளவைக் குறிக்கும் அளவை. ஒதுக்கிய புள்ளிகளை ஆராய்ந்து முடிவு கூறுவதற்குள், ஹாலி விரிகுடாவில் தரையிலிருந்து வானை நோக்கும் எளிய கருவியொன்றை ஆண்டுக்கணக்கில் விடாது இயக்கிவந்த பிரிட்டிஷ் அண்டார்க்டிக் அளவை நிறுவனத்தின் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவர், 1985 மே மாதத்தில் ஓசோன் பெருமளவு தேய்ந்திருப்பதை உலகுக்கு அறிவித்தனர். பின்னர் செயற்கைக்கோள் தரவை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது அந்த ஓட்டை ஒரு கண்டத்தின் அளவுக்கு விரிந்து கிடந்தது தெரியவந்தது. 1987-இல், ஓசோனைத் தேய்க்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இந்தக் கதையிலிருந்து கற்க வேண்டியது எது? செயற்கைக்கோள் தோற்றது, தரைக்கருவி வென்றது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது பாதி உண்மையே. ஹாலி விரிகுடாவில் இருந்த கருவி தன் தலைக்கு மேலிருந்த வானத்தை மட்டுமே அறியும். தேய்வு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்ல அதனால் இயலாது. நிம்பஸ் பரப்பை அறியும். ஆனால் தான் கண்டது மெய் என்று துணிந்து சொல்ல அதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. தரை ஐயத்தைத் தீர்த்தது. வானம் அளவைக் காட்டியது. இரண்டும் சேர்ந்தபோதே உலகம் நம்பியது.

இதே கண்கொண்டு காடுகளை நோக்கினால் மற்றொரு பாடம் கிடைக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை, 1987 முதல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு நாட்டின் வனநிலை அறிக்கையை வெளியிட்டு வருகிறது. அதில் காட்டுப் பரப்பு என்பதற்கு ஒரு வரையறை உண்டு: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மரங்களின் தழைப்பரப்பு 10 விழுக்காடோ அதற்கு மேலோ நிழல் விரித்திருந்தால், நிலம் யாருடையதாயினும் மரம் எதுவாயினும் அது காட்டுப் பரப்பு. இதன்படி ஒரு தென்னந்தோப்பும் தைலமரத் தோட்டமும் மூங்கில் காடும் கணக்கில் சேர்கின்றன. வரையறை வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது; அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் வரையறையைப் படிக்காமல் தொகையை மட்டும் படிப்பவர், சோலைக்காடு பெருகிவிட்டதாக எண்ணிக்கொள்வார். ஆகவே எண்ணைப் பார்க்கும் முன் அந்த எண் எதை எண்ணுகிறது என்று கேட்பது, கற்பவரின் நீங்காத பழக்கமாக வேண்டும்.

தான் வரைந்த வரைபடத்தையும் கற்பவர் அப்படியே சோதிக்க வேண்டும். ஒரு வட்டத்தின் நிலப்பரப்பில் நூற்றில் ஐந்து பங்குதான் நீர் என்று வைத்துக்கொண்டால், எல்லா இடத்தையும் நிலம் என்று குறித்துவிட்ட சோம்பேறி வரைபடமும் 95 விழுக்காடு சரியானது என்று பெருமை பேசும். ஆனால் அதில் ஓர் ஏரியும் இருக்காது. எத்தனை விழுக்காடு சரி என்ற ஒற்றைக் கேள்வி போதாது. உள்ள ஏரிகளில் எத்தனையை வரைபடம் தவறவிட்டது? ஏரி என்று காட்டியவற்றில் எத்தனை ஏரியல்ல? இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்டு, வெவ்வேறு இடங்களுக்கு நேரில் சென்று ஒப்பிட்டு விடை எழுதுவதையே களச் சரிபார்ப்பு என்பர். பாடத்திட்டங்களில் கடைசி அத்தியாயமாக ஒதுக்கப்படும் இதுவே, உண்மையில் முதல் அத்தியாயமாக இருக்கத் தக்கது.

சரியாகப் படித்தாயிற்று, சரிபார்த்தாயிற்று; அத்துடன் கடமை முடிந்துவிடுமா? பிரேசிலைப் பார்க்கலாம். அந்நாட்டின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் செயற்கைக்கோள் வழியே கணக்கிட்டு வெளியிடுகிறது. 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அவ்வாண்டிலேயே, வெட்டு நடக்கும்போதே எச்சரிக்கை தரும் டெட்டர் என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டு, எச்சரிக்கைகள் நேரே வனக் காவலரின் கைக்குப் போயின. பாதுகாக்கப்பட்ட பகுதிகளும் விரிவாக்கப்பட்டன, கடன் கட்டுப்பாடுகளும் வந்தன. 2012-இல் காடழிப்பு 4,571 சதுர கிலோமீட்டராக வீழ்ந்தது. டெட்டரின் தொடக்கக் காலக் கண்ணுக்கு 25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டுகள் படவில்லை என்ற குறை இருந்தும், வரைபடத்துக்கும் வனக் காவலருக்கும் இடையே ஒரு பாதை இருந்ததால் அது பயன் தந்தது. பின்னர் ஆட்சி மாறி, 2019-இல் குடியரசுத் தலைவரே அந்த எண்களை மறுத்தபோது, நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கால்வாவோ தம் தரவைக் காத்துப் பேசிப் பதவியிழந்தார். தரவு எல்லோரும் பார்க்கத் திறந்து கிடந்ததால், எண்கள் மட்டும் பதவியிழக்கவில்லை.

நிறைவாக, தொடங்கிய ஏரிக்கே திரும்புவது முறை. தன் ஊர் ஏரியைப் பத்தாண்டுக் காலப் படங்களில் படித்துவிட்ட மாணவி ஒருத்தி, ஒவ்வொரு தை மாதத்திலும் நீர் ஒரே எல்லை வரை விரிந்திருப்பதைக் கண்டு, ஏரி நலமாக இருக்கிறது என்று எழுதிவிடலாம். ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது நீரின் பரப்பை; ஆழத்தை அன்று. வண்டல் படிந்து மேடான ஏரியும், தூர் வாரப்பட்ட ஏரியும் நிறைந்திருக்கும் நாளில் வானத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். அப்படியானால் அந்த வேறுபாட்டை அறிய வழியே இல்லையா? உண்டு. நிறைந்த ஏரி எத்தனை நாளில் வடிகிறது என்பதை ஆண்டுக்காண்டு கணக்கிட்டால், முன்பு சித்திரை வரை நின்ற நீர் இப்போது மாசியிலேயே காலியாவது தெரியவரும். காரணம் வண்டலா, மதகின் கசிவா, கூடுதலாக நடப்பட்ட பயிரா, சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளா என்பதைப் படம் சொல்லாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைப் படம் கூர்மையாக்கித் தந்துவிடும்.

அந்தக் கேள்வியோடு அவள் போய் நிற்க வேண்டியது யாரிடம்? மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் பொறுப்பைத் தலைமுறையாக ஏற்றுவந்த நீர்க்கட்டி என்னும் ஊழியர் இன்றும் சில ஊர்களில் உண்டு. மதகின் எந்தக் கல் வரை நீர் நின்றால் எத்தனை நாள் தாங்கும், வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டது, கலிங்கு கடைசியாக எந்த ஆண்டில் வழிந்தது என்பவை அவர் விரல்நுனியில் இருப்பவை. அவருக்குத் தெரியாதது, பக்கத்து மாவட்டத்துக் கண்மாய்களிலும் இதே நிலைதானா என்பது. அதை அவளுடைய படங்கள் காட்டும். அவளுக்குத் தெரியாதது, படத்தில் கருத்துத் தெரியும் அந்தப் பரப்பின் அடியில் எத்தனை அடி சேறு கிடக்கிறது என்பது. அதை அவருடைய கோல் காட்டும். மடிக்கணினியை மூடிவிட்டு மதகடிக்கு நடந்து செல்லும் அந்தச் சிறு தொலைவைக் கடக்கத் தெரிந்தவரே தொலையுணர்வைக் கற்று முடித்தவர்.